வாசித்தாகிவிட்ட ஸ்தோத்திரம்

ஜூலை 14, ஞாயிறு

இன்றைக்குக் கோவிலில் நிற்க இடமில்லை. பின்வரிசையில் வழக்கமாகத் தூங்குகிறவர்கள்கூட விழித்திருந்தார்கள். இந்தச் சபைக்கு ஐயராக, போதகராக இருக்கிற என் வீட்டுக்காரருக்குத் தொண்டைப் புற்றுநோயிலிருந்து சுகம் கிடைத்ததற்கான ஸ்தோத்திர ஆராதனை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததும் சபையே கூடி ஏற்பாடு செய்துவிட்டது.

காணிக்கை உறைகள் பெட்டி நிறைந்து வழிந்தன. இந்த உறை வழக்கம் எங்கள் பக்கத்துச் சபைகளில் கிடையாது. இந்தச் சேகரத்துச் சபைக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் பார்க்கிறேன். வாசலில் உறை இருக்கும். காணிக்கையைப் போட்டு, மேலே பெயரையும் எதற்காக நன்றி என்பதையும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். ஆராதனையின் நடுவே ஐயர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பார். பேரனுக்கு வேலை கிடைத்ததற்காக, போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்காக, காணாமல் போன ஆடு திரும்பி வந்ததற்காக. ஒவ்வொன்றுக்கும் சபை எல்லாம் சேர்ந்து ‘ஸ்தோத்திரம்’ என்று சொல்லும். இன்றைக்கு முக்கால்வாசி உறையில் ‘எங்கள் எலியேசர் ஐயருக்குச் சுகம் தந்ததற்காக’ என்றே இருந்தது. தனக்கான நன்றியைத் தானே வாசித்துக்கொண்டு நின்றார் மனுஷன். முகம் மாப்பிள்ளை முகம்.

பிறகு சாட்சி சொன்னார். “மனுஷர் கைவிரிச்ச இடத்துல ஆண்டவர் என்னைத் தொட்டார்” என்றார். கோவில் குலுங்கியது. மதுரையில் இவர் அக்கா வீட்டில் தங்கி மார்ச் முதல் மே வரை கரண்ட் என்று சொல்கிற கதிர்வீச்சு வைத்துக்கொண்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தினமும் முகமூடியை மாட்டிவிட்டு, “ஐயா, எச்சி முழுங்காதீங்க, இந்தா முடிஞ்சிரும்” என்று சொன்ன அந்த சிஸ்டரைப் பற்றி இல்லை. டாக்டரம்மாவைப் பற்றி இல்லை. யார் கைவிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “மகிமை ஆண்டவருக்குத்தான் போகணும் நேசம். டாக்டரச் சொன்னா ஜனங்க அங்கேயே நின்னுருவாங்க” என்றார். சாட்சி சொல்கிற எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஆராதனை முடிந்து கோவிலில் போட்ட பிரியாணி நன்றாக இருந்தது. கறிதான் கொஞ்சம் வேகவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் அன்னக்கனி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருக்கிறாளே, அவள்தான். “ஐயரம்மா, இன்னைக்கு ஆண்டவர் எனக்காகத்தான் ஐயரு வாயில வச்சுப் பேசுனாரு” என்றாள். எதற்கு என்று கேட்பதற்குள் யாரோ தயிர்ப்பச்சடி எங்கே என்று கூப்பிட்டார்கள்.

இந்த நோட்டு டாக்டரம்மா எழுதச் சொன்னது. இவர் என்ன சாப்பிட்டார், எங்கே வலித்தது என்று தேதி போட்டுக் குறிக்க. இனிமேல் அதற்கு வேலை இல்லை. இருந்தாலும் எழுதிப் பழகிவிட்டது.

ஜூலை 23, செவ்வாய்

செப்டம்பர் கடைசியில் கடற்கரை ஊரில் பெரிய கன்வென்ஷன் கூட்டம், மூன்று நாளும் இவர்தான் தேவசெய்தி கொடுப்பவர் என்று போன் வந்தது. ‘மரணத்தை வென்ற சாட்சி’ என்று போஸ்டர் அடிப்பார்களாம், போட்டோ கேட்டார்கள்.

இவருக்குச் சின்ன வயதிலிருந்து ஒரு தரிசனம். திறந்த மைதானத்தில் கண்ணுக்கெட்டிய மட்டும் ஜனங்கள் உட்கார்ந்திருக்க, இவர் நின்று பேச வேண்டும். அதற்காகவே வாத்தியார் வேலையை விட்டு ஊழியத்துக்கு வந்தவர். கிடைத்ததெல்லாம் ஓட்டுக்கோவிலும் கல்யாணப் பஞ்சாயத்தும்தான். “இதுக்குத்தான் ஆண்டவர் என்னை அந்த நோவு வழியா நடத்திருக்கார் நேசம்” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

“அப்போ போட்டோவுக்கு முந்தி மீசைக்கு டை அடிங்க” என்றேன். விளையாட்டுக்குச் சொன்னேன். மத்தியானம் மாசிலாமணியை அனுப்பி டை பாக்கெட் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். மாசிலாமணி கோவில்பிள்ளை, மணி அடிப்பது, பெருக்குவது அவர் வேலை. ஐயருக்கு டை வாங்கிய செய்தி இதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இவருக்கு லேசாகத் தொண்டை கட்டியிருக்கிறது. ஃபேன் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. பாலில் பனங்கற்கண்டு போட்டுக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஃபேனை நிறுத்திப் பார்த்தோம். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பிரசங்கத்தில் நாலு தரம் குரல் அறுந்துபோயிற்று. மைக்செட்டைச் சரியாக வைக்கவில்லை என்று மாசிலாமணியைத் திட்டிவிட்டேன். பாவம், “சரிம்மா” என்று மைக்கைத் துடைத்தார். மைக்கில் ஒரு குறையும் இல்லை.

மாதாமாதம் வரச்சொன்ன செக்கப்புக்கு இந்த மாதம் போகவில்லை. கன்வென்ஷன் செய்தி தயார் பண்ண வேண்டுமாம்.

ஆகஸ்ட் 29, வியாழன்

அன்னக்கனி இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்தாள். இடதுகை வீங்கியிருந்தது. அந்தக் கையில் வளையலைக் கழற்றியிருந்தாள். முந்தானையை இழுத்து இழுத்து மூடினாள். பவுடர் வாசனை தூக்கியடித்தது. ஒருநாளும் பவுடர் பூசுகிறவள் அல்ல. “கையில என்ன?” என்றேன். “அது கிடக்கட்டும், கர்த்தர் பாத்துக்கிடுவாரு” என்றாள். வேப்பெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். பெங்களூரிலிருந்து மகள் பிரிஸ்கில்லா போனில் காத்திருந்தாள். அப்பா குரல் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஃபேன் காற்று என்று சொன்னேன்.

செப்டம்பர் 5, வியாழன்

நான் சண்டை போட்டு மதுரைக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தொண்டைக்குள் டியூபை விட்டுப் பார்த்துவிட்டு, சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். “ஆகஸ்ட்ல ஏன் வரல?” என்று கேட்டார்கள். இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

செப்டம்பர் 12, வியாழன்

திரும்ப வந்திருக்கிறது.

குரல்பெட்டியை முழுக்க எடுக்க வேண்டும். கழுத்தில் துளை போட்டு அது வழியாகத்தான் மூச்சு. சீக்கிரம் எடுத்தால் உயிருக்கு நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் பேச்சு இல்லை. டாக்டரம்மா இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். அதற்காக அந்த அம்மா மேல் எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது.

“கன்வென்ஷன் முடிஞ்சதும் வரலாமா?” என்றார் இவர். டாக்டரம்மா என்னைப் பார்த்தார்கள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் காதுக்குள் சொன்னார். “சபைல யாருட்டயும் சொல்லாத நேசம்.”

“ஏன்?”

“கோவில்ல வாசிச்சாச்சே. அத்தனை பேரும் ஸ்தோத்திரம் சொல்லியாச்சே. வாசிச்ச ஸ்தோத்திரத்த எப்படித் திருப்பி வாங்க?”

“உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? உயிரு போயிரும்ங்க” என்று கத்திவிட்டேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். இவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். விருதுநகர் வரைக்கும் நான் அழுதேன். பிறகு பசித்தது. கடலை மிட்டாய் வாங்கி ஆளுக்குப் பாதி தின்றோம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றைக்கு நான் உறை போடவில்லை. எல்லாரும் ‘ஸ்தோத்திரம்’ சொன்னபோது வாயைத் திறக்கவில்லை. ஐயரம்மா வாயைத் திறக்காவிட்டால் பத்துப் பேர் பார்ப்பார்கள் என்று தெரியும். பார்க்கட்டும். கொடுத்ததைத் திரும்பப் பறிக்க ஆண்டவருக்குத் தெரியும் என்றால், எனக்கும் சும்மா இருக்கத் தெரியும்.

செப்டம்பர் 19, வியாழன்

சாயங்காலம் அன்னக்கனியின் மகள் ஜெனிலா வந்தாள். தூத்துக்குடியில் துணிக்கடையில் வேலை. யூனிபார்ம் சேலையோடு அப்படியே வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஐயரம்மா, ஒண்ணு கேக்கேன், நெசத்தச் சொல்லுங்க. ஐயரு மூணு மாசம் மதுரையில என்ன செஞ்சாரு?”

நான் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“மலையில ஜெபத்துல இருந்தாருன்னு எங்கம்மா சொல்லுதா. கரண்ட் வச்சாங்களா இல்லியா?”

“வச்சாங்க.”

அவள் அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கொட்டினாள். அன்னக்கனிக்கு மார்பில் கட்டி. ஒரு வருடமாக இருந்ததை ஜூன் மாதம்தான் மகளிடம் காட்டியிருக்கிறாள். ஆபரேஷனுக்கு ஜூலையில் நாள் குறித்தாகிவிட்டது. அந்த ஞாயிறு ஸ்தோத்திர ஆராதனைக்கு வந்தவள், ‘ஐயருக்கு ஆஸ்பத்திரி இல்லாம சுகம் கொடுத்தவரு எனக்குக் கொடுக்க மாட்டாரா’ என்று வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். இப்போது கட்டி புண்ணாகிவிட்டது. அந்தப் பவுடர் வாசனை ஏன் என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது என்று எழுதலாம். எழுதினால் அது பொய்.

“நான் சொல்லி அலுத்துட்டேன். என்னை அவிசுவாசின்னு ஏசுதா. ஐயரு வாயால சொன்னாத்தான் கேப்பா. வரச் சொல்லுங்க” என்றாள்.

இவர் உள்ளறைக் கதவருகே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கையில் கன்வென்ஷனுக்கு எழுதிய தாள்கள். ஜெனிலா இவரைப் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் இறங்கிப் போனாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

இரண்டு பேரும் இட்லிக்கடைக்குப் போனோம். வியாபாரம் முடிந்து அன்னக்கனி அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவர் எல்லாவற்றையும் சொன்னார். கரண்ட் வைத்தது, மறுபடி வந்தது, குரலை எடுக்கப்போவது எல்லாம். குரல் பாதி காற்றாகப் போயிற்று. நான் இடையில் இடையில் எடுத்துச் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “ஐயரு என் விசுவாசத்தச் சோதிச்சுப் பாக்கிய.”

“இல்ல கனி. நெசமாத்தான்.”

“கோவில்ல, பீடத்துக்கு முன்ன நின்னு சொன்னது பொய்யி. இங்க சட்டி கழுவுத இடத்துல வந்து சொல்லுதது நெசமாக்கும்? எத நம்பச் சொல்லுதிய?”

கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். எங்களுக்குச் சாயா போட்டுக் கொடுத்தாள், வலதுகையால் மட்டும்.

செப்டம்பர் 21, சனி

அங்கிக்கு இஸ்திரி போட்டேன். இவர் இன்றைக்கு முழுதும் படுத்தே இருந்தார். சாயங்காலம் எழுந்து வந்து, “கோவில்ல சொன்னத கோவில்லதான் திருப்பணும், என்ன?” என்றார். ஆமாம் என்றேன். “அப்புறம் கன்வென்ஷன் கிடையாது” என்றார். நான் அங்கியின் கையை மடித்துக்கொண்டிருந்தேன். “இல்ல” என்றேன். இவர் என் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். இவருடைய தரிசனத்துக்காக இவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று என்னைத் தவிர யாருக்குத் தெரியும்?

செப்டம்பர் 22, ஞாயிறு

உறைகளை எல்லாம் வாசித்து முடித்தார். பிறகு பீடத்தை விட்டு இறங்கி, ஜனங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஜூலைல நான் சொன்னது பாதிச் சாட்சி. மீதியையும் கேளுங்க.”

சொன்னார். ஆஸ்பத்திரி, கரண்ட், முகமூடி, அந்த சிஸ்டர், டாக்டரம்மா. “இவுங்க கைய வச்சுத்தான் ஆண்டவர் என்னைத் தொட்டார். அந்தக் கைய நான் மறைச்சேன். மகிமை ஆண்டவருக்குப் போகணும்னு சொன்னேன். எனக்குத்தான் வந்துச்சு. நான் எடுத்துக்கிட்டேன்.” பிறகு நோய் திரும்பியதைச் சொன்னார். ஆபரேஷனைச் சொன்னார். கடைசியில் குரல் நூலாகத் தேய்ந்துவிட்டது. மாசிலாமணி ஓடிவந்து மைக்கை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

ஒருவரும் ‘ஸ்தோத்திரம்’ சொல்லவில்லை. சேகரச் செயலர் கோயில்ராஜ் எழுந்து, “ஐயரே, நாங்க போட்ட உறைக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஊருக்குள்ள நாங்க எப்படித் தலை நிமிர்ந்து நடக்க?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. பக்கத்துத் தெருக்காரர்களிடம் எல்லாம் அவர்தான் ஐயரின் அற்புதத்தைச் சொல்லித் திரிந்தவர். இரண்டு குடும்பம் வெளியே போயிற்று.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து அன்னக்கனி எழுந்தாள். முந்தானை சரிந்திருந்தது, இழுத்து மூடவில்லை.

“அப்போ எனக்கு?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இவர் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து அவளிடம் போனார். “நாளைக்கே போவோம் கனி. நானும் கூட வாரேன்” என்றார். மைக் இல்லாததால் முன்வரிசைக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

செப்டம்பர் 24, செவ்வாய்

நேற்று அன்னக்கனியை மதுரைக்குக் கூட்டிப்போனோம். பஸ்ஸ்டாண்டு சுவரில் கன்வென்ஷன் போஸ்டர். அதற்குள் இவர் முகத்தின் மேல் வேறொருவரின் போட்டோவை ஒட்டியிருந்தார்கள். டை அடித்த மீசையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. இவர் பார்த்துவிட்டு, “பசை நல்லாப் போட்டிருக்கான்” என்றார்.

அன்னக்கனிக்கு நுரையீரலுக்கும் ஈரலுக்கும் பரவியிருக்கிறது. இனி ஆபரேஷன் செய்து பயனில்லை, மருந்து ஏற்றிக் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார்கள். ஜெனிலா ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். “ஜூலைல வந்திருந்தா?” என்று என்னைக் கேட்டாள். இரண்டாவது தரமும் கேட்டாள். டாக்டரம்மாவிடம் அவள் அதைக் கேட்கவே இல்லை. என்னிடம்தான் கேட்டாள்.

அக்டோபர் 3, வியாழன்

நாளைக்கு இவருக்கு ஆபரேஷன். பிரிஸ்கில்லா வந்திருக்கிறாள். அப்பாவைப் பேசவைத்துப் போனில் பதிவு பண்ணிக்கொள்ள வேண்டும் என்றாள். என்ன பேச என்று இவருக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் பேசிய மனுஷனுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. கடைசியில் பேத்தியின் பெயரைச் சொல்லி, ஒழுங்காகச் சாப்பிடச் சொன்னார்.

அக்டோபர் 4, வெள்ளி

தள்ளுவண்டியில் ஏற்றியதும் குனிந்து இவர் வாயருகே காதை வைத்தேன். என் பெயரைச் சொல்வார், ஏதாவது ஜெபம் சொல்வார் என்று நினைத்தேன். “செருப்ப எடுத்து வச்சுக்கோ. களவு போயிரும்” என்றார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உயிர் இருக்கிறது. செருப்பு என் பையில் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

ஊருக்கு வந்து பத்து நாள் ஆகிறது. கழுத்துத் துளையைச் சுத்தம் செய்யப் படித்துவிட்டேன். முதலில் இரண்டு கையும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கையால் சளியை எடுத்துக்கொண்டே மறுகையால் பால் பொங்குகிறதா என்று பார்க்கிறேன்.

திருவிருந்து ஆராதனைக்குப் பக்கத்துச் சேகரத்து இளவயது ஐயர் வருகிறார். உறை வாசிக்க ஆள் இல்லை. “ஐயரம்மா வாசிக்கட்டும், டீச்சரா இருந்தவங்கதானே” என்று செயலர் சொல்லிவிட்டார். என்னை மன்னித்ததாக அதற்கு அர்த்தமா, தண்டித்ததாக அர்த்தமா தெரியவில்லை. வாசித்தேன். வாய் வாசித்தது. நான் மட்டும் உறை போடுவதில்லை.

ஒன்று கவனித்தேன். ஜனங்கள் இப்போது பயந்து பயந்து எழுதுகிறார்கள். ‘மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி ஆண் குழந்தை பிறந்ததற்காக’ என்று ஒருவர். ‘முழங்கால் வலி குறைந்ததற்காக, முழுக்க இல்லை’ என்று ஒருவர். சிரிப்பு வந்தது. இவரும் முன்பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தார். சத்தம் இல்லாமல் சிரிக்கிறவரைப் பார்த்தால் அழுகிற மாதிரி இருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

அன்னக்கனி மருந்து ஏற்றப் போகும் நாளெல்லாம் இவரும் போகிறார். டாக்டரம்மாவே திட்டினார்கள், உங்கள் உடம்பைப் பாருங்கள் என்று. கேட்கவில்லை. கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். இன்றைக்கு நானும் போயிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் இவரிடம் வந்து பேசுகிறார்கள். மருமகள் சண்டை, பிள்ளை குடிப்பது, சாகப் பயமாக இருப்பது. இவர் தலையாட்டுகிறார். கையைப் பிடித்துக்கொள்கிறார். ஒரு முஸ்லிம் பாட்டையா தன் ஆரஞ்சில் பாதியை உரித்து இவர் கையில் வைத்தார். இத்தனை வருட ஊழியத்தில் இவர் பேச ஜனங்கள் கேட்டார்கள். இவரிடம் ஜனங்கள் பேசி நான் பார்த்தது இப்போதுதான்.

மைதானம் எங்கே, இந்த ஸ்டூல் எங்கே என்று எனக்கு வயிறு எரிந்தது. இவருக்கு எரிந்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

டிசம்பர் 12, வியாழன்

அன்னக்கனிக்குத் தலைமுடி எல்லாம் போய்விட்டது. இவர் மாத்திரை வாங்க வரிசையில் நின்றபோது கேட்டேவிட்டேன். “எங்க மேல கோவம் இல்லியா உனக்கு?”

“கோவம் இல்லாமயா? உங்க வீட்டு வாசல்ல வந்து மண்ணள்ளித் தூத்தணும்னு ரெண்டு நாளு துடிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் இட்லிக்கு ஊறப்போடணும்லா.”

தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “நானும்தான் கேட்டுக்கிட்டேன் ஐயரம்மா. கத்தின்னா பயம். ஐயரு சொன்னது எனக்குச் சௌரியமா இருந்துச்சு” என்றாள். பிறகு, “பஸ்ல ஜன்னல் சீட்ட எனக்கு விட்டுருதாரு ஐயரு. கழுத்துத் துளைக்குத் தூசி ஆவாதுன்னுதான் ஜன்னல் பக்கம் உக்காரலன்னு நெனச்சேன். அப்படி இல்லன்னு எழுதிக் காட்டுனாரு. காத்து பட்டா எனக்கு வாந்தி வராதுன்னு கண்டு வச்சிருக்காரு” என்றாள்.

டிசம்பர் 25, புதன்

பண்டிகை. கேக் வாங்கவில்லை. அன்னக்கனி கடை பூட்டியிருந்தது.

ஜனவரி 8, புதன்

அன்னக்கனிக்கு மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள். வீட்டிலேயே படுக்கை. வலியில் சேலையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சிஸ்டர் ஸ்கூட்டரில் வந்து வலிமருந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். இன்றைக்கு நான் போனபோது அன்னக்கனி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்து, குறட்டை விட்டு. ஜெனிலா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள். நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

ஜனவரி 18, சனி

அன்னக்கனி நேற்று அதிகாலையில் போய்விட்டாள். இன்றைக்கு அடக்கம். இளவயது ஐயர் ஆராதனை நடத்தினார். இவர் அங்கியைப் போட்டுக்கொண்டு குழியருகே நின்றார். இவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருப்பாள். இவரால் மண்ணைத்தான் அள்ளிப் போட முடிந்தது. போட்டுவிட்டு அங்கேயே மண்டியிட்டுவிட்டார். கழுத்துத் துளையிலிருந்து மூச்சு சீறியது. ஜனங்கள் பயந்து பார்த்தார்கள். நான் போய்த் தூக்கினேன்.

ஜெனிலா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. திரும்ப வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

உறைப் பெட்டியைத் திறந்தால் மேலேயே இருந்தது. பெயர்: அன்னக்கனி. ஜெனிலாவின் கையெழுத்து. ஜெனிலா பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “செத்தவங்க பேர்ல உறை வாசிக்கலாமா ஐயரம்மா?” என்று செயலர் என் காதில் கேட்டார். “பெட்டியில விழுந்தா வாசிக்கணும்” என்றேன்.

மற்றதை எல்லாம் வாசித்தேன். பிறகு இதை எடுத்தேன். தாய் சொல்லச் சொல்ல எழுதின மாதிரி, இடம் போதாமல் உறையின் பின்பக்கமும் எழுதியிருந்தது.

“படுத்துத் தூங்க மருந்து கிடைத்ததற்காக. அதைக் கொண்டுவந்த ஸ்கூட்டர் சிஸ்டருக்காக. திட்டினாலும் தொட்டுப் பார்க்கிற டாக்டரம்மாவுக்காக. என் மகள் சம்பளம் போனாலும் லீவு போட்டதற்காக. கோவிலில் சொன்னதை ஐயர் கோவிலிலேயே திருப்பிச் சொன்னதற்காக. பஸ்ஸில்...”

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. எழுத்து கலங்கிப்போயிற்று. எத்தனை வகுப்புக்குப் பாடம் நடத்தியவள், ஒரு வரி வாசிக்க முடியாமல் எல்லார் முன்னாலும் நின்றேன்.

இவர் எழுந்து வந்தார். என் பக்கத்தில் நின்று உறையை என் கையோடு சேர்த்துப் பிடித்து, நான் விட்ட இடத்தில் விரலை வைத்தார். முதல் வகுப்புப் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி. விரல் நகர்ந்தது. நான் விரலைப் பார்த்தே வாசித்தேன்.

“பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக.”

சபை ‘ஸ்தோத்திரம்’ சொல்ல வேண்டும். யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “ஸ்தோத்திரம்.” ஜெனிலா. குனிந்த தலை நிமிரவில்லை. எங்களைப் பார்க்கவில்லை. அவளைத் தொடர்ந்து கோவில் முழுதும் சொல்லிற்று. நானும் சொன்னேன்.

வாசலில் அவளிடம் போனேன். “வாரேன் ஐயரம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனாள்.

பிப்ரவரி 3, திங்கள்

துணி துவைத்தேன். கத்தரிக்காய் வதக்கினேன். இவருக்குத் துளையைச் சுத்தம் செய்து புதுத் துணி கட்டினேன்.

நேற்று வரும்போது வாசலிலிருந்து ஒரு உறை எடுத்து வந்திருந்தேன். மேஜையில் வைத்து நேசமலர் என்று பெயரை எழுதினேன். காரணம் எழுதுகிற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. இவர் உயிரோடு இருப்பதற்காக என்று எழுதலாம். எழுதினால் அன்னக்கனி போனது குறுக்கே நிற்கிறது. குரல் போனதற்காக என்று எழுத நான் ஒன்றும் பரிசுத்தவாட்டி இல்லை. ஆண்டவரோடு எனக்கு இன்னும் வழக்குத் தீரவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அப்புறம் கதவோரம் கிடந்த இவர் செருப்பைப் பார்த்தேன். எழுதினேன்: ‘செருப்பு களவு போகாமல் இருந்ததற்காக.’

இவர் எட்டிப் பார்த்து வாசித்தார். முதலில் புரியவில்லை. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரித்தாரா, அழுதாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. உறையை ஒட்டி, பைக்குள் வைத்துவிட்டேன்.

சபையார் சிரித்தால் சிரிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நான்தான் வாசிக்க வேண்டும்.